பெரியப்பா இளைத்த கதை

2018 தை மாதம் சென்னிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்து ஒறம்பரை முழுக்க ஒரே பேச்சு. "ஏனுங் மாமா, பாதி ஆளாயிட்டீங்க! பத்து வயசு கொறஞ்சு போச்சுங்க." பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். சர்க்கரை என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அரிசிச் சோற்றைக் குறைத்து, ராகிக் களிக்கும் கம்மஞ்சோற்றுக்கும் மாறி, விடியக் காலையில் வாய்க்கால் கரையில் நடந்து, பதினோரு கிலோ குறைத்திருந்தார். அவர்தான் குறைத்தார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஆணியைக் காய்ச்சி அவரே போட்டவை. வேட்டியை விலக்கி அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். அன்று நானும் சேர்ந்துதான் பாராட்டினேன். "இப்படியே போனா மாத்திரையவே நிறுத்திடலாமுங் பெரியப்பா" என்று வேறு சொல்லிவைத்தேன். ஆனால் எடை இறங்க இறங்க சர்க்கரை ஏறியது. மாத்திரை ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. அடுத்த தை முடிவதற்குள் கண் மஞ்சளாகி, முதுகுவலி தாங்காமல் போய், ஸ்கேன் எடுத்தால் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கல்லீரலிலும் இரண்டு மூன்று புள்ளிகள். அந்தப் புரட்டாசியில் போய்ச் சேர்ந்தார். வயது 63.

கருமாதி முடிந்து ஒறம்பரை கலைந்த பிறகு, தோட்டத்து வாசலில் உட்கார்ந்து பெரியம்மா என்னிடம் கேட்டார். "மொத வருசமெல்லாம் அவிய நல்லாத்தான் தின்னாங்க கண்ணு. தின்னதெல்லாம் எங்க போச்சு? என்ற கையில ஆக்கிப் போட்டது ஒடம்புல ஒட்டலையா?"

"கட்டி எல்லாத்தையும் தின்னுடுச்சுங் பெரியம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் கட்டியின் அளவு நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரிய நெல்லிக்காய். எடை முப்பது கிராம் வரலாம். நம் உடம்பின் பெருந்தீனிக்காரர்களில் ஒருவன் மூளை. ஒன்றரைக் கிலோகூட எடை இல்லாத அது, நாள் ஒன்றுக்கு நாம் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை, சுமார் 400 கலோரியை, வாங்கிக்கொள்கிறது. கிராமுக்குக் கிராம் மூளையைவிடப் பத்து மடங்கு வேகத்தில் அந்தக் கட்டி தின்றது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 90 கலோரியைத் தாண்டாது. இரண்டு இட்லி. இரண்டு இட்லிக்காரன் எண்பது கிலோ மனுஷனை ஒன்றரை வருஷத்தில் ஐம்பதுக்குக் கொண்டுவர முடியாது. பெரியம்மாவிடம் நான் சொன்னது பொய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உண்மை எது என்று ஓரளவுக்குப் புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

புற்றுநோயும் சர்க்கரையும் என்றதும் பாடப் புத்தகம் வார்பர்க்கில் ஆரம்பிக்கும். 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சாதாரணச் செல் ஆக்சிஜன் இருந்தால் குளுக்கோசை முழுக்க எரித்து, ஒரு மூலக்கூறுக்கு முப்பது ஏடிபி அளவில் சக்தி எடுக்கும். ஏடிபி என்பது செல்லின் சக்திக் காசு. புற்றுச் செல்லோ ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் குளுக்கோசைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டே ஏடிபியோடு லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. விறகை முழுக்க எரிக்காமல் கரியாக்கி வீசுகிற அடுப்பு. அதனால் அதற்கு விறகு நிறைய வேண்டும். புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே இந்தப் பசியை நம்பித்தான்.

பெரியப்பாவை அந்த ஸ்கேனுக்குக் கூட்டிப்போனது நான்தான். ஆறு மணி நேரம் பட்டினி. குளுக்கோஸ் போலவே இருக்கும் ஒரு பொருளில் ஃபுளூரின்-18 ஒட்டி ஊசியில் போடுவார்கள். 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும், ஆகவே எல்லாம் நேரக் கணக்கு. ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருட்டறையில், கம்பளி போர்த்தி, பேசாமல் உட்கார வேண்டும். பேசினால் தொண்டைத் தசை குளுக்கோசை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். குளிர்ந்தால் கழுத்துப் பக்கத்துப் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். பேசாமல் இருப்பதுதான் பெரியப்பாவால் முடியாத காரியம். கதவு திறந்த போதெல்லாம் நர்ஸிடம் "நீங்க எந்த ஊருங்க சாமி?" என்று கேட்டுவைத்தார். கடைசியில் படம் வந்தது. மூளையும் சிறுநீர்ப்பையும் எப்போதும் போல ஒளிர்ந்தன. கணையத்தில் ஒரு பொட்டு, கல்லீரலில் சில பொட்டுகள். அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது இருட்டாக இருந்த மற்ற உடம்பை.

கட்டி அந்த இருட்டு உடம்பை எப்படி எட்டியது என்று சொல்ல முதலில் ஆட்டுக்கு வர வேண்டும். கன்னிவாடிச் சந்தையில் மேச்சேரி ஆட்டுக்குப் பேரம் பேசுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. செல்கள் வெளியே அனுப்பும் பொடிப் பைகளை ஆராயும் துறை தொடங்கியதே செம்மறி ஆட்டு ரத்தத்தில்தான். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற பெண்மணி, இளம் சிவப்பணு முதிரும்போது அதன் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம் எங்கே மறைகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். இரும்பைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதம் அது. வேலை முடிந்ததும் செல் அதைப் பொடிப் பொடிப் பைகளில் கட்டி வெளியே விட்டுவிடுகிறது என்று 1983இல் தெரிந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் செயின்ட் லூயியில் ஃபிலிப் ஸ்டாலின் குழு எலியின் இளம் சிவப்பணுவில் அதையே கண்டது. 1987இல் ஜான்ஸ்டோன் அதற்கு எக்சோசோம் என்று பெயர் வைத்தார். ரொம்ப நாளைக்கு அது செல்லின் குப்பைக் கூடை என்பதுதான் எல்லோருடைய எண்ணம். நானே 2004இல் எம்.எஸ்ஸி. படித்தபோது அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பாஸ் பண்ணினேன்.

பெரியம்மாவுக்கு இதைச் சொல்லும்போது 'பொட்டணம்' என்று சொன்னேன். இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறேன். செல்லுக்குள் ஒரு பெரிய பை, அதன் சுவர் உள்பக்கமாகக் குழிந்து குழிந்து சின்னப் பொட்டணங்கள் உண்டாகும். பெரிய பை செல்லின் ஓரத்துக்குப் போய்த் திறந்துகொண்டால் பொட்டணங்கள் வெளியே கொட்டும். அவைதான் எக்சோசோம், 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். செல்லின் மேல்தோல் நேராக வெளிப்பக்கம் மொட்டு விட்டுக் கழன்றும் பொட்டணம் உண்டாகும். அவை இன்னும் கொஞ்சம் பெரியவை. 100 நானோமீட்டர் என்றால், ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் அளவில் வரிசையாக நிறுத்தலாம். உள்ளே புரதம், கொழுப்பு, ஆர்என்ஏ (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) துணுக்கு, சில சமயம் வெறும் சத்துப் பொருளே இருக்கும். 2007இல் ஸ்வீடனில் கோதன்பர்க்கில் யான் லோட்வால் குழு, பொட்டணத்தில் போகும் ஆர்என்ஏ இன்னொரு செல்லுக்குள் நுழைந்து அங்கே புரதமாகவும் மாறும் என்று காட்டிய பிறகுதான் குப்பைக்கு மரியாதை வந்தது.

எல்லாச் செல்லும் இப்படி அனுப்புகிறது. தாய்ப்பாலில் உண்டு, எச்சிலில் உண்டு, சிறுநீரில் உண்டு. இது உடம்பின் சாதாரணத் தபால். புற்றுச் செல் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற தபாலை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த பகுதி சுலபமாகப் புரியும். பெரியப்பாவின் பூமி கீழ்பவானிப் பாசனம். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. அங்கிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால், 2,07,000 ஏக்கர். ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்ததுக்கு இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஒரு வருஷம் கடலைக்காய் பூத்த நேரத்தில் எங்கள் கொப்பு வாய்க்காலில் தண்ணீர் சுருங்கிவிட்டது. யாரோ மேலே மோட்டார் போட்டு இழுக்கிறார்கள் என்று பெரியப்பா கரையோடு நடந்து பார்த்தார். மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை. ஆனால் வழியில் நாலு தோட்டத்து மடையும் சாத்தியிருந்தது. "லஸ்கர் சாத்தச் சொல்லிட்டாராமா" என்றார்கள் ஒவ்வொருவரும். மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர்தான் லஸ்கர். அவரைப் போய்க் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சு. நாலு பேரும் தங்கள் கையாலேயே மடையைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தண்ணீர் முழுக்க அவருடைய மஞ்சள் காட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. திருடாமலேயே திருட்டு.

2015இல் கலிஃபோர்னியாவில் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வுக்கூடத்தில் எமிலி வாங் குழு மார்பகப் புற்றில் கண்டது ஏறக்குறைய இதுதான். அந்தப் புற்றுச் செல்கள் அனுப்பும் பொட்டணத்தில் மிர்-122 என்ற மைக்ரோ ஆர்என்ஏ நிறைய இருந்தது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது இருபத்திரண்டு எழுத்துச் சீட்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் குறிப்பிட்ட ஒரு புரதம் உண்டாவதை அமுக்கிவிடும். (அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2024இல் விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ரவ்குனுக்கும் நோபல் கொடுத்தார்கள்.) மிர்-122 வழக்கமாகக் கல்லீரலின் சொத்து. அது பொட்டணத்தில் ஏறி நுரையீரலுக்கும் மூளைக்கும் போய், அங்கிருக்கும் நல்ல செல்களில் பைருவேட் கைனேஸ் என்ற நொதியைக் குறைக்கிறது. குளுக்கோசை எரிக்கும் பாதையில் அது ஒரு முக்கியமான மடை. மடை சாத்தியதும் அந்தச் செல்கள் குளுக்கோஸ் எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மிச்சம் அங்கேயே நிற்கிறது. பின்னால் வந்து குடியேறப்போகும் புற்றுச் செல்லுக்கு அது பயன்படும். எலிகளுக்கு மிர்-122ஐத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது அந்த உறுப்புகள் பழையபடி குளுக்கோஸ் எடுத்தன, புற்று பரவுவதும் குறைந்தது.

குடியேறுவதற்கு முன்பே நிலத்தைப் பக்குவம் பண்ணிவைப்பது. ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1889இலேயே, புற்று விதை போல, அதற்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். மண்ணை விதையே ஆள் அனுப்பி உழுதுவைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்றும் இல்லை. கட்டியைச் சுற்றி நார்ச்செல்கள் இருக்கும். காயம் ஆற்றுவது அவற்றின் வேலை. புற்றோடு பழகிப் பழகி அதற்கே கூலியாட்கள் ஆகிவிடும். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தீபக் நாகரத் குழு 2016இல் காட்டியது: இந்த நார்ச்செல்கள் அனுப்பும் பொட்டணத்துக்குள் அமினோ அமிலம், கொழுப்பு, செல் சத்தை எரிக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் பொருள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சீட்டு மட்டும் இல்லை, கட்டுச்சோறே போகிறது. அதே பொட்டணம் புற்றுச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை, அதாவது ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் உள்ளுறுப்பை, அமர்த்தி, வார்பர்க் சொன்ன கரி அடுப்பு வழிக்குத் திருப்பியும் விடுகிறது. கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதி இந்த நார்த்திசுதான். ரத்தக் குழாய் நெரிந்து, வெளியிலிருந்து சத்து வருவது சிரமமான இடம். அங்கே இந்தக் கட்டுச்சோறு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தோலில் வரும் மெலனோமாவில் கொழுப்புச் செல்களும் இதே மாதிரி கொழுப்பை எரிக்கும் நொதிகளைப் பொட்டணம் கட்டி அனுப்புகின்றன. உடல் பருமன் இருந்தால் அனுப்புவது கூடுகிறது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

லாக்டிக் அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூர்க்காரர்களுக்கு ஒரத்துப்பாளையம் அணையைச் சொன்னால் போதும். சாயக்கழிவு தேங்கி, கீழே நொய்யல் பாசனத்து மண்ணே கெட்டுப்போன கதை. கட்டி தள்ளிவிடும் லாக்டிக் அமிலமும் சுற்றுப்புறத்தை அப்படித்தான் புளிக்க வைக்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அதில் சோர்ந்துபோகும். ரோம் நகரத்து ஆய்வாளர்கள் 2009இல் மெலனோமா செல்களில் கண்டது என்னவென்றால், சூழல் புளித்தால் பொட்டணம் அனுப்புவதும் கூடுகிறது, வாங்கிக்கொள்வதும் கூடுகிறது. கழிவே தபாலை வேகப்படுத்துகிறது. சரி, இது ஒரு சுழல் என்று புரிந்தால் போதும்.

பெரியப்பாவுக்கு வருகிறேன்.

ரோசெஸ்டரில் மேயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி என்ற மருத்துவர் பல வருஷங்களாக ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணையப் புற்று வந்தவர்களில் அவ்வளவு பேருக்குச் சமீபத்தில்தான் சர்க்கரை வந்திருக்கிறதே, ஏன்? கட்டி இடத்தை அடைத்து இன்சுலின் செல்களை நசுக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் மிகச் சிறிய கட்டியிலும் சர்க்கரை வருகிறது. 2008இல் அவர் குழு வெளியிட்ட கணக்கு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணையத்தின் தலையை வெட்டி எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, புதிதாகச் சர்க்கரை வந்திருந்த 30 பேரில் 17 பேருக்குச் சர்க்கரை போய்விட்டது. கணையத்தில் ஒரு பகுதியை எடுத்தால் சர்க்கரை கூடத்தானே வேண்டும்? போகிறதென்றால், எடுத்த துண்டிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

அந்த ஏதோ ஒன்று பொட்டணம் என்று 2015இல் அதே இடத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணையப் புற்றுச் செல் அனுப்பும் எக்சோசோமில் அட்ரினோமெடுலின் என்ற ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. அது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் போய், புரதம் மடிக்கும் பட்டறையில் நெருக்கடி உண்டாக்குகிறது. இன்சுலின் சுரப்பது தடுமாறுகிறது. அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை வந்தது. அதே பொட்டணங்கள் தோலடிக் கொழுப்புச் செல்களுக்குள்ளும் போகின்றன. அதே அட்ரினோமெடுலின் அங்கே, சேமித்த கொழுப்பைக் கரைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. அதாவது, கட்டி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்போதே கொழுப்புச் செல்லுக்குக் கிடங்கைத் திறக்கச் சொல்லி உத்தரவு போகிறது. நிஜமான லஸ்கர் கையெழுத்தில், பொய்ச் சீட்டு.

2019இல் சாரியின் குழு, நோய் தெரிவதற்கு முந்தைய மாதங்களைப் பின்னோக்கிப் பார்த்து வரிசை போட்டது. முதலில் சர்க்கரை ஏறுகிறது. பிறகு எடையும் தோலடிக் கொழுப்பும் குறைகின்றன. கடைசி ஆறு மாதத்தில் தசையும் போகிறது. அந்த வரிசையைப் படித்துவிட்டுக் கல்லூரி நூலகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2017 ஆவணியில் சர்க்கரை. தையில் பெல்ட்டில் ஓட்டை. அடுத்த மார்கழியில், "மம்முட்டி புடிச்சா கை நடுங்குது" என்று சொன்னது. தேதி போட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது. அவர் நடந்த நடையும் தின்ற களியும் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ குறைத்திருக்கும். மீதி அவர் குறைத்தது கிடையாது.

தசை போவதற்கும் பொட்டணக் காரணம் உண்டு. எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 என்று இரண்டு புரதங்கள், புற்றுச் செல்லின் பொட்டணங்களுக்கு மேலே ஒட்டிக்கொண்டு போய்த் தசையைக் கரைய வைக்கின்றன என்று 2017இல் எலிகளில் காட்டினார்கள். பொட்டணம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறி, மூளையில் பசியை அமர்த்துகிறது. அழற்சிச் சுரப்புகள் வேறு. கடைசி மூன்று மாதம் அவர் சாப்பிடாததற்கு அவையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் நன்றாகச் சாப்பிட்ட முதல் வருஷத்து இளைப்புக்கு, பெரியம்மா கேட்ட அந்த வருஷத்துக்கு, இந்தச் சீட்டுகளைவிடப் பொருத்தமான விளக்கம் இதுவரை என் கண்ணில் படவில்லை.

கீமோ அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டாவது சுற்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று. 2023இல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவின் கட்டுரை வந்தபோது அதுவும் நினைவுக்கு வந்தது. புற்று கல்லீரலுக்குப் பரவாத எலிகளிலேயே, கட்டி அனுப்பும் பொட்டணங்கள் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பைச் சுமந்து கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே காவல் செல்கள் கிளர்ந்தெழுந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து, மருந்தை உடைக்கும் அதன் திறன் குறைகிறது. உடைக்காத மருந்து உடம்பிலேயே நின்று நச்சாகிறது. எலியில் கண்டதை மனுஷனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறவள் நான். ஆனாலும் நினைவுக்கு வந்தது.

பொருத்தக் கூடாது என்பதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. ரத்தத்தில் இந்தப் பொட்டணங்களின் அளவிலேயே கொழுப்புத் துகள்கள் பல மடங்கு மிதக்கின்றன. அவற்றிலிருந்து இவற்றைச் சுத்தமாகப் பிரிப்பது பெரிய பாடு. புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் சுழற்றினாலும் கலப்பு போகாது. 2014இல் ஒரு குழு எண்ணிப் பார்த்ததில், எந்த மைக்ரோ ஆர்என்ஏவை எடுத்தாலும், சராசரியாக ஒரு எக்சோசோமுக்கு ஒரு பிரதிகூடத் தேறவில்லை. பெரும்பாலான உறைகளில் நாம் தேடும் சீட்டு இல்லை. அப்படியானால் உத்தரவு எப்படி நிறைவேறுகிறது? எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருப்பதாலா, சில உறைகளில் மட்டும் குவிந்திருப்பதாலா? இது இன்னும் தீராத வழக்கு. எக்சோசோம் என்று பெயர் போட்டு முகத்துக்குப் பூசவும் முடிக்கு ஊசி போடவும் விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வழக்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019லேயே, எக்சோசோம் மருந்து எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று எச்சரித்தது.

புற்றுக்கு மூளை இருப்பது போல நானும் எழுதிக்கொண்டு போகிறேன். சீட்டு எழுதுகிறது, ஆள் அனுப்புகிறது என்று. அதற்கு ஒரு திட்டமும் கிடையாது. கோடிக்கணக்கான செல்கள் கண்டபடி பொட்டணம் கொட்டுகின்றன. எந்தக் கூட்டத்தின் பொட்டணம் தற்செயலாகப் பக்கத்து மடையைச் சாத்தியதோ அது பிழைத்துப் பெருகுகிறது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு இருந்த சாமர்த்தியம்கூட அதற்கு இல்லை.

நாங்கள் பார்த்த டாக்டர் மேல் வீட்டில் எல்லோருக்கும் கோபம். ஒன்றரை வருஷமாக மாத்திரையைத்தானே மாற்றினார் என்று. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. பிறகு அந்த எண்ணைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில், மூன்று வருஷத்துக்குள் கணையப் புற்று தெரியவருவது நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. மீதி தொண்ணூற்றொன்பது பேருக்கு அது வெறும் சர்க்கரை. எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அந்த ஒருவரைப் பிரிக்க 2018இல் சாரி குழு மூன்றே விஷயங்களை வைத்து ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது: வயது, எடையில் வந்த மாற்றம், ரத்தச் சர்க்கரையில் வந்த மாற்றம். வயதான ஒருவருக்கு எடை இறங்கிக்கொண்டே சர்க்கரை ஏறினால் சந்தேகப்பட வேண்டும். சாதாரணமாக எடை இறங்கினால் சர்க்கரையும் இறங்க வேண்டும். இந்த ஒரு வரி எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் ஒருவேளை கல்லீரல் புள்ளிகளுக்கு முன்பே பிடித்திருக்கலாம். ஒருவேளைதான்.

டாக்டரைவிட எனக்கு வருத்தம் எங்கள் மேல். நோய் தெரிந்த மறுநாளிலிருந்து வாட்சப்பில் அறிவுரை கொட்டியது. சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி, நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்று. வார்பர்க் பெயரைக்கூட அதில் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பரவாயில்லை என்று ஒரு கட்சி. அதுவும் கூடாது என்று இன்னொரு கட்சி. குடலைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. சோறு போய், பழம் போய், கடைசியில் அவர் தட்டில் வேகவைத்த காய் மட்டும் மிஞ்சியது.

தட்டில் சர்க்கரையை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது. கல்லீரல் தசையிலிருந்து வரும் அமினோ அமிலத்தை வைத்துப் புதிதாகக் குளுக்கோஸ் செய்து அளவைச் சரிக்கட்டிவிடும். கட்டிக்கு வேண்டிய இரண்டு இட்லி எப்படியும் போய்ச் சேரும். பட்டினி கிடப்பது கையும் காலும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நான் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடம். ஆனால் அந்த வீட்டில் அன்று யாருக்கும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஆடியில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பெரியம்மாவிடம் இதையெல்லாம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். பொட்டணம், சீட்டு, சாத்திய மடை எல்லாம். அவர் ஆக்கிப் போட்டதில் ஒரு குறையும் இல்லை, பெரியப்பா தின்றதைக் காக்க வேண்டிய கிடங்குக்குத்தான் பொய் உத்தரவு போயிருந்தது என்றேன். மடை விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் பேரைச் சொல்லி நன்றாக ஒரு வசவு வைத்தார். சர்க்கரைக் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்ப, அந்த ஆடி நோம்பிக்கு அவிய ஒப்புட்டு கேட்டாங்களே கண்ணு. அதக் குடுத்திருக்கலாமா?"

"குடுத்திருக்கலாமுங் பெரியம்மா."

எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார்.